மின்சாரம் போனால் லிஃப்ட் எங்கே நிற்கும்?



தூத்துக்குடியில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் பெருகிய பிறகு, என் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் சர்க்கரை, முழங்கால் வலி இவற்றோடு லிஃப்டும் பேச்சில் வந்துவிடுகிறது. "கரண்ட் போனா கயிறு அறுந்து விழுந்திருமோ அண்ணாச்சி?" என்று ஒருவர் கேட்பார். "உள்ள மூச்சு முட்டிச் செத்துருவோம்லா!" என்பார் இன்னொருவர். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் மூன்றாவது மாடிக்குக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியேறியே போகிறார். இன்னொரு அம்மையார் கீழே இறங்குவதையே விட்டுவிட்டார். மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பி வாங்கிக் கொடுத்த வீடு, அவருக்கு ஒரு விதமான வீட்டுக் காவலாகிவிட்டது.

நான் எழுத்தராக வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் 1997-க்குப் பிறகு லிஃப்ட் உரிமக் கோப்புகள் சில என் மேசை வழியாகப் போயின. தமிழ்நாடு லிஃப்ட் சட்டம் வந்த ஆண்டு அது. உரிமம் இல்லாமல் லிஃப்ட் இயக்கக்கூடாது, அரசு ஆய்வாளர் வந்து பார்க்கவேண்டும் என்றெல்லாம் ஏற்பட்டது. அன்று கோப்பில் பார்த்த சொற்களுக்கு அர்த்தம் என்ன என்று ஓய்வு பெற்ற பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். படித்ததில் தெரிந்ததைச் சொல்கிறேன். மின்சாரம் போனால் லிஃப்ட் விழாது, நிற்கும். நின்ற பிறகு என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அதற்கு ஒரு நீண்ட வரலாறும் உண்டு.

கயிறு, கல், மேலே ஓர் ஆள்

வரலாற்றை நம் கடலிலிருந்தே தொடங்கலாம். ஆதிச்சநல்லூருக்குக் கிழக்கே, தாமிரபரணியின் வண்டல் மூடி இன்று கடலை விட்டு உள்ளே தள்ளிக் கிடக்கும் கொற்கை, ஒரு காலத்தில் முத்துத் துறைமுகம். கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்க மாலுமியின் கையேடு ஒன்று இந்த ஊரைக் 'கொல்கி' என்று குறிப்பிட்டு, இங்கே தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளிக்கிறார்கள் என்கிறது. உயிருக்கு ஆபத்தான வேலை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

முத்துக் குளிப்பது எப்படி என்று நம் தலைமுறையில் பலர் கேட்டிருப்பீர்கள். தோணியிலிருந்து இரண்டு கயிறுகள். ஒன்றில் கனமான கல். குளிப்பவர் அந்தக் கயிற்றில் கால் வைத்துக் கல்லின் பாரத்தோடு ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம்வரை சரேலென இறங்குவார். அடியைத் தொட்டதும் காலை எடுத்துவிடுவார். மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். ஒரு நிமிட நேரம் மூச்சடக்கிச் சிப்பிகளை வலைப் பையில் வாரிப் போட்டுவிட்டு, இரண்டாவது கயிற்றைச் சுண்டுவார். மேலே இருப்பவர் இழுத்துவிட வேண்டும். அந்தக் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் கண் அசரமாட்டானாம். நம் கடலில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் முடிந்தது. எனக்கு அப்போது பத்து வயது. பிரெஞ்சு நிர்வாகம் போய்ச் சில ஆண்டுகளே ஆகியிருந்த காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் இந்தப் பக்கம் வேலைக்கு வந்த பிறகு பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான்.

ஒரு கயிறு, ஒரு பாரம், தன் கையில் எதுவும் இல்லாமல் நடுவில் ஒரு மனிதர், மேலே விழித்திருக்கும் இன்னொரு மனிதர். இந்த நான்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். லிஃப்டிலும் இவைதான் இருக்கின்றன.

அரசன் மகள் மாட்டிக்கொண்ட கதை

லிஃப்டில் மாட்டிக்கொள்ள மின்சாரமே தேவையில்லை என்பதற்குப் பிரான்சில் ஒரு கதை இருக்கிறது. பதினான்காம் லூயி மன்னர் காலத்தில் வில்லயே என்பவர் 'பறக்கும் நாற்காலி' என்று ஒன்றைச் செய்தார். கயிறும் எதிர்ப்பாரமும் சேர்ந்த நாற்காலி. சுவருக்குள் ஒரு குழாய்போல வழி. உட்கார்ந்தபடியே மாடிக்குப் போகலாம். மன்னரின் மகளான போர்போன் சீமாட்டிக்கு அதன்மேல் ஆசை வந்து வெர்சாய் அரண்மனையில் ஒன்றை வைத்துக்கொண்டார். ஒரு நாள் அது பாதி வழியில் மக்கர் செய்து நின்றுவிட்டது. அவர் கூப்பிட்ட குரல் வெளியே கேட்டு, ஆட்கள் வந்து சுவரை இடித்து வெளியே எடுக்க ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆயிற்று. சான் சிமோன் பிரபு தம் நினைவுக் குறிப்புகளில் இதை எழுதி வைத்திருக்கிறார்.

நாற்காலி விழவில்லை என்பதைக் கவனியுங்கள். மாட்டிக்கொண்டவர் குரல் வெளியே கேட்கவில்லை, மேலே கயிற்றருகில் ஆள் இல்லை. அதுதான் அன்றைய கஷ்டம். முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் நம் லிஃப்டில் முதலில் பார்க்க வேண்டியது அதில் அபாய மணி அடிக்கிறதா என்பதைத்தான்.

கயிறு அறுந்தாலும் விழாத லிஃப்ட்

கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்ற பயம் அமெரிக்காவிலும் இருந்தது. எலிஷா ஓடிஸ் என்பவர் அதற்கு வழி கண்டார். 1854-இல் நியூயார்க் பொருட்காட்சியில், உயரத்தில் தொங்கும் மேடைமேல் தாமே ஏறி நின்றுகொண்டு, அதன் கயிற்றைக் கோடரியால் வெட்டச் சொன்னார். கூட்டம் அலறியது. மேடை சில அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. கயிற்றின் இழுவிசை போனதும் ஒரு வில் விரிந்து, பக்கத்துத் தண்டவாளப் பற்களில் கொக்கி மாட்டிக்கொள்ளும்படி செய்திருந்தார். 1857-இல் நியூயார்க்கில் ஒரு கடையில் மக்கள் ஏறும் லிஃப்டை அவருடைய நிறுவனம் பொருத்தியது.

அப்போதெல்லாம் நீராவியால் ஓடிய லிஃப்டுகள். பிரான்சில் லெயோன் எதூ என்பவர் 1867 பாரிஸ் பொருட்காட்சியில் தண்ணீர் அழுத்தத்தால் ஏறும் லிஃப்டைக் காட்டி அதற்கு 'அஸான்சர்' என்று பெயரிட்டார். எங்கள் பள்ளியில் அந்தச் சொல்லை எழுதச் சொன்னார்களே தவிர, அந்த வண்டியை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. 1880-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் சீமென்ஸ் மின்சார லிஃப்டை ஓட்டிக் காட்டினார். இந்தியாவின் முதல் லிஃப்ட் 1892-இல் கல்கத்தாவில் வைசிராய் மாளிகையில் வந்தது என்பார்கள். நம் பக்கத்தில் 1959-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டிடம் எழும்பியபோது, அதன் லிஃப்டில் ஏறி வந்ததையே ஊர் திரும்பி ஒரு வாரம் கதை சொன்னவர்கள் உண்டு.

மின்சார மோட்டார் வந்ததும் ஒரு புதிய கேள்வி பிறந்தது. மின்சாரம் திடீரென நின்றால்? பொறியாளர்கள் கண்ட பதில் எளிமையானது. லிஃப்டின் பிரேக்கைப் பிடிக்க மின்சாரம் வேண்டாம். விடத்தான் மின்சாரம் வேண்டும். பலமான வில்கள் பிரேக்கை எப்போதும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்கும். மின்சாரம் பாயும்போது மட்டும் காந்தச் சுருள் அதை இழுத்து விலக்கும். மின்சாரம் போன அதே நொடியில் வில் பழையபடி பிடித்துக்கொள்ளும். ஆகவே மின்தடை லிஃப்டைக் கட்டிப்போடுகிறதே தவிர அவிழ்த்துவிடுவதில்லை. கயிறும் ஒன்றல்ல, பல. வேகம் மீறினால் பெட்டியைத் தண்டவாளத்தோடு கவ்விப் பிடிக்கும் தனிக் கருவியும் உண்டு. பெட்டி காற்றுப் புகாத டப்பாவும் அல்ல. விசிறி நின்றால் வேர்க்கும், மூச்சு முட்டாது.

பிரெஞ்சில் வண்டியோ லிஃப்டோ நின்றுவிட்டால் 'ஆன் பான்' என்பார்கள். சொல் வழக்கில் அது 'பான் நிலையில் விழுந்தது' என்று வரும். இந்தப் 'பான்' கப்பல்காரர்களின் சொல். பாய்களை ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி, காற்று அடித்தும் கப்பல் நகராமல் நிறுத்தி வைப்பதற்கு அந்தப் பெயர். மின்தடையில் லிஃப்டும் அப்படித்தான்: எதிர்ப்பாரம் ஒரு பக்கம், பெட்டி ஒரு பக்கம், நடுவில் பிரேக். கடலோர மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மின்சாரம் செய்யும் ஊரில் மின்தடை

நம் ஊருக்கு ஒரு வேடிக்கை உண்டு. தூத்துக்குடி அனல் மின் நிலையத்தின் முதல் அலகு 1979-இல் ஓடத் தொடங்கியது. 1992-க்குள் ஐந்து அலகுகள், ஒவ்வொன்றும் 210 மெகாவாட். புகைபோக்கி நம் மொட்டைமாடியிலிருந்து தெரியும். ஆனால் 2012-இல் தமிழகம் முழுதும் மின்பற்றாக்குறை வந்தபோது சென்னை தவிர்த்த மாவட்டங்களில் ஒரு நாளில் பாதி நேரத்துக்குமேல் மின்சாரம் இல்லாத நாட்களை நாம் பார்த்தோம். உற்பத்தியாகும் மின்சாரம் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. பக்கத்து வீடு என்பதால் முதல் பந்தி கிடைக்காது.

அதே ஆண்டு ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதி இருளில் மூழ்கியது. தென்னக மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்தியைவாக இணைக்கப்படாமல் இருந்ததால் நாம் தப்பினோம். அந்த இணைப்பு 2013 டிசம்பர் 31-இல்தான் நடந்தது. அந்த ஜூலை மாதத்துச் செய்தி ஒன்று எனக்கு மறக்கவில்லை. மேற்கு வங்கத்திலும் ஜார்க்கண்டிலும் நிலக்கரிச் சுரங்கங்களின் லிஃப்டுகள் நின்றுபோய், நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் பூமிக்கடியில் மணிக்கணக்கில் மாட்டிக்கொண்டார்கள். பிறகு பத்திரமாக மேலே வந்தார்கள். முத்துக் குளித்தவர்களைப் போலவே அவர்களுக்கும் மேலே வர ஒரே வழிதான் இருந்தது.

எங்கள் குடியிருப்பில் நடந்தது

2012 மின்வெட்டுக் காலத்தில் எங்கள் குடியிருப்பில் நடந்ததைச் சொன்னால் மற்றது விளங்கும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், எழுபது வயது, இதய நோய்க்கு மருந்து சாப்பிடுபவர், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே லிஃப்டில் மாட்டிக்கொண்டார். மின்வெட்டு அட்டவணைப்படி அரை மணி நேரம் இருந்தது; அன்று முன்னாலேயே போய்விட்டது. லிஃப்டில் மீட்புக் கருவி பொருத்தியிருந்தார்கள். ஆனால் அதன் பேட்டரி நான்கு ஆண்டு மாற்றப்படாமல் செத்துக் கிடந்தது. உள்ளே விளக்கும் எரியவில்லை. அந்த அம்மாள் கதவைத் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றாவது மாடித் தம்பி ஒருவர் கதவை நெம்ப இரும்புக் கம்பியோடு ஓடி வந்தார். நல்ல எண்ணம்தான். எங்கள் காவலாளி அவரைத் தடுத்துவிட்டார். அவர் இளவயதில் சங்கு குளித்தவர். ஒரு காது சரியாகக் கேட்காது. லிஃப்ட் பழுது பார்க்க வரும் மெக்கானிக்கிடம் கைச்சக்கரத்தைச் சுற்றும் முறையைக் கேட்டுப் பழகி வைத்திருந்தார். தம்பியிடம், "நீங்க இங்கன நின்னு டீச்சர்கிட்ட பேச்சை விடாமப் பேசிக்கிட்டே இருங்க. நான் சொல்றவரைக்கும் இடத்தைவிட்டு நகரக்கூடாது" என்றார். கதவுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, "டீச்சரம்மா, ஆள் நிக்கோம். கதவ மட்டும் தொட்டுராதீய. இப்ப வந்துரும்" என்று சொல்லிவிட்டு மொட்டைமாடி மோட்டார் அறைக்குப் போனார். மெயின் சுவிட்சை அணைத்தார். பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுச் சக்கரத்தைச் சுற்றினார். லிஃப்ட் இறங்கும் என்று கீழே காத்திருந்தவர்கள் ஆச்சரியப்பட, அது ஏறி மூன்றாவது மாடியில் நின்றது.

ஏன் ஏறியது? எதிர்ப்பாரத்தைப் பெட்டியின் எடையும், அது தாங்கும் சுமையில் ஏறக்குறைய பாதியும் சேர்ந்த அளவுக்கு வைப்பார்கள். உள்ளே ஒருவர் மட்டும் இருந்தால் எதிர்ப்பாரம்தான் கனம். பிரேக்கை விட்டால் பெட்டி தானாக மேலே போகப் பார்க்கும். பேட்டரியில் ஓடும் மீட்புக் கருவி செய்வதும் இதையேதான். மின்சாரம் போன சில நொடிகளில் விழித்துக்கொண்டு, எந்தப் பக்கம் எளிதோ அந்தப் பக்கத்து மாடிக்குப் பெட்டியைக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். அதோடு அதன் வேலை முடிந்தது. ஒரு தடவை இறக்கிவிடுவதற்கு உள்ள கருவி அது. நாள் முழுக்க லிஃப்ட் ஓட்ட ஜெனரேட்டர்தான் வேண்டும்.

கம்பியால் கதவை நெம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பெட்டி இரண்டு மாடிகளுக்கு நடுவே நிற்கும்போது அதன் அடியில் ஓர் இடைவெளி இருக்கும். வெளியே குதிக்கிறவர் கால் தவறினால் அந்த இடைவெளி வழியாகக் குழிக்குள் போய்விடுவார். நின்ற லிஃப்டில் உயிர்போவது பெரும்பாலும் இப்படித்தான். லிஃப்ட் விழுவதில்லை, அவசரப்பட்டு இறங்குகிறவர்தான் விழுகிறார்.

தண்ணீர் வந்த நாள்

ஜெனரேட்டர் இருந்தால் கவலை இல்லை என்று நினைத்திருந்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த நினைப்பும் போயிற்று. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை புரண்டது. குளங்கள் உடைந்து ஊருக்குள் வந்தன. பல தெருக்களில் மின்சாரம் வர நாட்கள் ஆயின. அடித்தளத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஜெனரேட்டரை வைத்திருந்த கட்டிடங்களில், அது தேவைப்பட்ட நேரத்தில் தண்ணீருக்குள் இருந்தது. மாடியில் இருந்த முதியவர்களுக்குக் குடிநீரும் மாத்திரையும் படி வழியாகப் போயின.

இது நம் ஊருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2011 மார்ச் 11 சுனாமியில் ஜப்பானின் ஃபுக்குஷிமா அணுமின் நிலையம் கைமீறிப் போனதற்கு, அதன் அவசர ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அடித்தளத்தில் இருந்து மூழ்கியது முக்கியக் காரணம். 2012 அக்டோபரில் சாண்டி புயலின்போது நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவமனையில் அடித்தளத்தில் வெள்ளம் புகுந்து மாற்று மின்சாரம் நின்றுவிட, 300-க்கும் மேற்பட்ட நோயாளிகளை இருட்டுப் படிகளில் தூக்கி இறக்கினார்கள். 20 பச்சிளங்குழந்தைகளைச் செவிலியர்கள் மார்போடு அணைத்து, சில குழந்தைகளுக்கு மூச்சுப் பையைக் கையால் அழுத்தியபடி இறக்கினார்கள். எவ்வளவு பெரிய இயந்திரம் என்பதைவிட அதை எங்கே வைத்தோம் என்பது முக்கியமாகிவிட்டது. நம் நிலமோ ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல். கடல் மட்டத்திலிருந்து அதிக உயரமில்லை. கொற்கையையே உள்ளே தள்ளிவிட்ட ஆறு, ஜெனரேட்டருக்கு மரியாதை கொடுக்குமா?

வெள்ளத்தில் லிஃப்டுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. தரைத்தளத்துக்குக் கீழே உள்ள குழியில் தண்ணீர் நிரம்பியிருக்கும்போது பெட்டி கீழே போனால் தண்ணீருக்குள் போகும். பலத்த மழை எச்சரிக்கை வந்தால் பெட்டியை மேல்மாடிக்கு ஏற்றி நிறுத்தி, மெயினை அணைத்துவிட வேண்டும். குழி காய்ந்து, மெக்கானிக் பார்த்த பிறகுதான் மீண்டும் ஓட்ட வேண்டும்.

கேட்டு வாங்க வேண்டியவை

உயரமான கட்டிடங்களில் தீயணைப்பு வீரர்கள் பயன்படுத்தும் லிஃப்டுக்கு மாற்று மின்சாரம் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மின்சாரம் போனதும் அது தரைத்தளத்துக்கு வந்து கதவு திறந்து நிற்கும்படி அமைக்கவேண்டும் என்று தேசியக் கட்டிட விதித்தொகுப்பு சொல்கிறது. தீப்பிடித்தால் மற்றவர்கள் எந்த லிஃப்டிலும் ஏறக்கூடாது, 1975-இல் எல்.ஐ.சி. கட்டிடத்தில் தீப்பிடித்தது நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். நம்மைப் போன்ற சிறிய குடியிருப்புகளில் சட்டத்தைவிடச் சங்கக் கூட்டம்தான் பெரிது. அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்:

மீட்புக் கருவியின் பேட்டரியைக் கடைசியாக எப்போது மாற்றினோம்? மாதம் ஒரு முறை மெயினை அணைத்து, ஆள் இல்லாத பெட்டியை நடுவில் நிறுத்தி, அது தானாக ஒரு மாடிக்கு வருகிறதா என்று பார்க்கிறோமா? உள்ளே விளக்கும் மணியும் மின்சாரம் இல்லாதபோதும் வேலை செய்கின்றனவா? ஜெனரேட்டர் வெள்ளம் எட்டாத உயரத்தில் இருக்கிறதா? இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வர, முறையாகப் பழகிய ஆள் இருவராவது இருக்கிறார்களா, ஒருவர் மோட்டார் அறைக்கும் ஒருவர் கதவுப் பக்கத்துக்கும்?

உள்ளே மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது இன்னும் குறைவு. மணியை அடியுங்கள். கைபேசியில் கூப்பிடுங்கள். முடிந்தால் தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். கதவைத் தொடாதீர்கள்.

எங்கள் டீச்சர் மறுவாரமே லிஃப்டில் ஏறினார். "பயமில்லையா?" என்று கேட்டேன். "மேல ஆள் இருக்குல்லா சார்" என்றார். அந்தக் காவலாளி இப்போது இல்லை. அவர் போன பிறகு வந்தவருக்குக் கைச்சக்கரம் சுற்றக் கற்றுத்தர மெக்கானிக்கை வரவழைக்கச் சங்கத்தில் மூன்று கூட்டம் பேசவேண்டியிருந்தது. செலவு ஒன்றும் பெரிதில்லை. யாருக்கும் நேரமில்லை, அவ்வளவுதான். முத்துக்குளித்த காலத்தில் கயிற்றைப் பிடிக்கிற ஆளை முடிவு செய்யாமல் தோணி கரையை விட்டே கிளம்பாது.